மத்தியானம் வருகிறவன்

முதல் தடவை அந்தப் பெருமூச்சைக் கேட்டபோது ஆர்லிஸ் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சத்தம் தரைப்பலகைக்கு அடியிலிருந்து, அவள் பாதத்துக்கு நேர் கீழே இருந்து வந்தது. வெகுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை யாரோ அவசரமே இல்லாமல் விடுவது போல இருந்தது. நின்றது. கொஞ்சம் கழித்துப் படுக்கைப் பக்கத்தில் இன்னொரு முறை கேட்டது.

கத்தியும் கையுமாக வெளியே வந்து பார்த்தாள். உச்சி வெயில் பாலைவனத்தை வெள்ளையாக அடித்திருந்தது. டிரெய்லரின் துணிப்பந்தல் நிழலில் அவள் கணவர் மெர்ல், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு மடக்கு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"மெர்ல், ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

தொப்பி அசையவில்லை. "அந்த ஆள் வந்துட்டுப் போனான்."

"எந்த ஆள்?"

"மத்தியானம் வருவானே, அவன்."

"அவனுக்கு என்ன வேணுமாம்?"

"உன்னப் பத்திக் கேட்டான். நல்லா இருக்காளான்னு."

ஆர்லிஸ் சுற்றிலும் பார்த்தாள். ஒரு பூச்சிகூட நடமாடவில்லை. மறதி நோய் வந்த மனிதர் சொல்வதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டால் பிழைப்பு நடக்காது என்று திரும்பி உள்ளே போனாள். போனவள் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். அந்த வீட்டுக் கதவைப் பகலில் அவள் தாழிட்டது அதுதான் முதல் முறை.

ஆர்லிஸ் பயந்த சுபாவக்காரி இல்லை. மினசோட்டாவின் வட கோடியில், பனி முழங்கால் வரை கொட்டுகிற சாலைகளில், தலை நரைக்கும் வரை பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பின்னால் உட்கார்ந்து வாலாட்டுகிற பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்கிவிடுவாள். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு, இருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த பஸ்ஸுக்கு டயர் மாற்றுவது கராஜ் ஆட்களின் வேலை. வீட்டு வண்டிகளுக்கு அது மெர்லின் வேலை. எந்த டயர், எவ்வளவு காற்று, எப்போது மாற்றுவது என்பதையெல்லாம் அவள் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. நீண்ட தாம்பத்தியத்தில் இப்படித்தான் ஆகிவிடுகிறது. ஒருவர் தலையில் இருப்பதை மற்றவர் தன் தலையில் ஏற்றிக்கொள்வதில்லை. ஒரு தலை காலியாகும்போதுதான் திண்டாட்டம்.

ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு, பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற இந்த டிரெய்லர் வீட்டை வாங்கினார்கள். கோடைக்கு வடக்கே ஏரிக்கரை, குளிருக்கு அரிசோனாவின் மேற்கோரத்தில் இந்தப் பாலைவனம். குளிர்காலத்தில் இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை டிரெய்லர்கள் நிற்கும். மெர்ல் பகலெல்லாம் வறண்ட ஓடைகளில் கல் பொறுக்குவார். சாயங்காலம் நெருப்பு மூட்டி, நாலு கிழவர்களோடு டயரைப் பற்றிச் சண்டை போடுவார். டிரெய்லர்க்காரர்களுக்கு டயர் பேச்சு அப்படி. அரசியலைப் பேசி மனஸ்தாபப்பட்டவர்கள் சேர்ந்துவிடுவார்கள், டயரைப் பேசிப் பிரிந்தவர்கள் சேர மாட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மெர்லுக்குச் சாவி மறந்தது. பிறகு வழி மறந்தது. இப்போது சட்டைப் பொத்தானை எந்த ஓட்டையில் போடுவது என்பதே மறந்துவிட்டது. மகள் காரின் மினசோட்டாவிலிருந்து தொலைபேசியில் அழுது, அதட்டி, கடைசியில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதியில் இடம் பிடித்துவிட்டாள். மே மாதத்துக்குள் கொண்டு வந்து சேர்க்க வேண்டும், தவறினால் இடம் போய்விடும். ஆர்லிஸ் மெர்லிடம் இதைச் சொல்லவில்லை. காரினைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தாள். அது பொய் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மார்ச் பிறந்து கூட்டம் கலையத் தொடங்கியது. அவர்களும் கிளம்ப வேண்டிய நேரத்தில்தான் பக்கத்து டிரெய்லர் டெல்பர்ட், காபிக் கோப்பையோடு இவர்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்ந்த மனிதர். கேட்காமலே யோசனை சொல்வதைத் தர்ம காரியமாக நினைப்பவர்.

"அம்மணி, இந்த டயர்ல நீங்க சர்ச்சுக்குக்கூடப் போய்ச் சேர மாட்டீங்க."

"ஏன்? டயர் பட்டன் தேயாம புதுசு மாதிரி இருக்கே."

"பட்டன் எப்படித் தேயும்? வருஷத்துல ரெண்டு தடவைதானே உருளுது. மிச்ச நாளெல்லாம் நின்ன இடத்துல வெயில்ல வேகுது. பக்கவாட்டைப் பாருங்க, என் முழங்கை மாதிரி வெடிச்சிருக்கு. வெள்ளை உறை போட்டு மூடறதில்லையா?"

"மெர்ல் தினம் காலைல மூடறாரே."

டெல்பர்ட் காபியை ஒரு வாய் குடித்தார். "மூடறாரு. ரெண்டு குளிர்காலமா என் டயரைத்தான் மூடிக்கிட்டிருக்காரு. நானும் மனுஷன் மனசு நோகக் கூடாதேன்னு சும்மா இருந்துட்டேன்."

ஆர்லிஸ் சிரித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கே டயரின் வயதைப் பார்க்கத் தரையில் பாயை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தாள். டயர் பிறந்த வாரமும் வருடமும் நாலு எண்ணாக அதன் மேலேயே அச்சடித்திருக்குமாம். ஆனால் அது உட்புறம் பார்த்து மாட்டப்பட்டிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் தூசியைத் துடைத்துப் படித்தாள். வீட்டை வாங்கிய வருடத்து எண்கள். மாற்ற வேண்டிய காலம் எப்போதோ தாண்டியிருந்தது.

திரும்பும்போதுதான் டார்ச் தரையில் பட்டது. ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் மெல்லிய புழுதியில் ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் விரிந்து, பாரத்தைத் தாங்கி ஊன்றிய கை. பக்கத்தில் முழங்கால் பள்ளம். அவள் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். தன்னுடையதைவிடப் பெரிது. அங்கே அப்படியே படுத்திருக்கையில், யாரோ தனக்கு முன்னால் இந்த இடத்தில் படுத்து, இதே பலகையின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்தது. அதே பலகைக்கு மேலேதான் அவர்கள் கட்டில். பாயைக்கூட எடுக்காமல் வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் டெல்பர்ட் துணையோடு டிரெய்லரை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையோரம் ஒதிலியாவின் டயர்க் கடைக்குப் போனார்கள். தகரக் கொட்டகை. ஒதிலியா கட்டையான பெண், நெற்றி வரை கிரீஸ்.

"அம்மா, வண்டி எவ்வளவு கனம்?"

"வாங்கும்போது வண்டித் தகட்டுல போட்டிருந்துச்சு..."

"அது காலி வீட்டுக் கனம். உள்ள குடித்தனம் பண்றீங்கல்ல? தண்ணி, சாமான், காஸ் எல்லாம் சேத்து எடை போட்டுட்டு வாங்க. கனம் தெரியாம டயர் வாங்கறது, பொண்ணைப் பாக்காம செருப்பு வாங்கற மாதிரி."

லாரிகள் எடை போடும் மேடையில் ஏற்றிப் பார்த்தார்கள். அவள் நினைத்ததைவிடக் கனம் மிகவும் கூடியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் தனியாகத் தாழ்ந்திருந்தது. கட்டிலைத் தூக்கிப் பார்த்தால், அடியில் மெர்லின் கற்கள். பல குளிர்காலத்துக் கற்கள், செய்தித்தாளில் சுற்றி, குழந்தைகளைத் தூங்க வைத்தது போல வரிசையாக.

"மலையையே கட்டிலுக்கடியில வச்சுக்கிட்டு ஊர் ஊரா இழுத்திருக்கீங்க" என்று டெல்பர்ட் தலையிலடித்துக்கொண்டார். பிறகு தன் பாட்டை ஆரம்பித்தார். "கார் டயரே போடுங்க அம்மணி. மெத்து மெத்துன்னு போகும்."

"காருக்கு இருக்கறது காருக்கு" என்றாள் ஒதிலியா. "இழுபடற வண்டி திரும்பும்போது டயரைப் பக்கவாட்டுல போட்டு முறுக்கும். அதுக்குன்னு செஞ்ச டயர் வேற. அதுலயும் உங்க கனத்துக்குச் சரியா இருக்கறது வேண்டாம். அதுக்கு ஒரு படி மேல தாங்கறது போடுங்க. ஸ்டெப்னியும் அதே ஜாதி. அதுல எழுதியிருக்கற வேகத்தத் தாண்டி ஓட்டாதீங்க."

"நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவ. வேகமெல்லாம் எனக்குத் தெரியாது."

அடுக்கியிருந்த புது டயர்களில் ஆர்லிஸ் ஒவ்வொன்றாகக் குனிந்து அந்த நாலு எண்ணைத் தேடினாள். ஒன்று மட்டும் மற்றவற்றுக்கு அண்ணன், கடையிலேயே வெகுநாள் கிடந்தது. அதைக் காலால் ஒதுக்கினாள். ஒதிலியா சிரித்துவிட்டாள். "மாட்டும்போது என்ன திட்டப்போறீங்கன்னு பாத்தேன், இப்பவே ஆரம்பிச்சிட்டீங்க" என்று வேறொன்றை உருட்டி வந்தாள். பழைய ரப்பர் வால்வுகளையும் வீசிவிட்டு உலோகத்தில் போட்டாள்.

எல்லாம் மாட்டி முடியும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. டெல்பர்ட்டுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மத்தியானம் சூட்டுல மீட்டர் ஏறிக் காட்டும். அப்ப கொஞ்சம் காத்தை இறக்கி விட்டுடுங்க, இல்லேன்னா வெடிச்சிடும்."

"சூட்டுல கை வைக்காதே."

எல்லோரும் திரும்பினார்கள். பேசியது மெர்ல். நிமிர்ந்து நின்றிருந்தார். உள்ளங்கையைப் புது டயரின் மேல் வைத்திருந்தார்.

"காலைல, வெயில் படறதுக்கு முன்ன பாக்கணும். அப்ப டயர்ல எழுதியிருக்கற அளவு இருந்தா போதும். சூட்டுல ஏறினா ஏறட்டும், அதுக்குத்தான் செஞ்சிருக்கு. மத்தியானம் இறக்கி விட்டா காலைல வயிறு ஒட்டிக் கிடக்கும். பட்டினி கிடக்கற டயர்தான் மலையேறும்போது வெடிக்கும்."

பழைய குரல். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து நாலு பேர் வாயை அடைத்த குரல். ஆர்லிஸ் ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள். அவர் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகம் தளர்ந்து, "வீட்டுக்குப் போலாமா, மிஸ்" என்றார்.

பழைய இடத்துக்குத் திரும்பி வந்த மூன்றாம் நாள் விடிந்ததும் காற்று மீட்டரை எடுத்துக்கொண்டு போனாள். நாலு சக்கரத்திலும் காற்று குறைந்திருந்தது. ஒன்றில் குறைந்தால் ஆணி என்பாள், இரண்டில் குறைந்தால் வால்வு என்பாள். நாலிலும் குறைந்தால் என்ன என்பது? மெஷினைப் போட்டு அடித்து நிரப்பினாள். அன்று மத்தியானம் பாத்திரம் கழுவும்போது தரைக்கடியில் மீண்டும் அந்தப் பெருமூச்சு. இந்த முறை வீடு மெல்ல அசைந்தது, யாரோ தோளைக் கொடுத்துச் சாய்ந்தது போல. வெளியே ஓடினாள். மெர்ல் நாற்காலியில். தொப்பி முகத்தில்.

"வந்தானா?" அவளே கேட்டுவிட்டாள்.

"வந்தான்."

"எப்படி இருப்பான்?"

மெர்ல் யோசித்தார். "பாவம். களைச்சுப் போயிருக்கான். ரொம்ப தூரத்துலேந்து வரான், கொஞ்ச நேரந்தான் இருக்க முடியுது."

அடுத்த நாள் காலையும் காற்று குறைவு. நிரப்பினாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. முதலில் டெல்பர்ட்டைத்தான் சந்தேகப்பட்டாள். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு மத்தியானம் வந்து இறக்கிவிடுகிற ஆள்தானே. நேரே போய்க் கேட்டாள். டெல்பர்ட் முகம் தொங்கிப் போயிற்று. "வாயில சொல்வேன் அம்மணி. இன்னொருத்தர் வண்டிய தொடமாட்டேன். அந்தப் பழக்கம் எனக்கில்ல." மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். அவர் ஒரு தடியை எடுத்துக்கொண்டு வந்து சுற்றுமுற்றும் தேடிப் பார்த்தார். டிரெய்லரைச் சுற்றி வேற்றுக் காலடி ஒன்றுகூட இல்லை.

அடுத்த வாரம் டெல்பர்ட்டும் கிளம்பினார். ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டு போனார், இங்கே போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் அடிப்பார்கள். பதிலுக்கு அடிக்க யாரும் மிச்சமில்லை. ஆர்லிஸ் பிக்கப் வண்டிக்குள் கையை விட்டு ஒரு முறை அடித்தாள். ஊரே இருந்த இடத்தில் இப்போது கல் வட்டங்களும் கரியும் கிடந்தன. டிரெய்லர் வாசல்களில் பாய் விரித்திருந்த இடங்கள் மட்டும் வெளிறிய சதுரங்களாக, வாசல்களைப் போல, வெகுதூரம் வரை. அந்தச் சதுரங்களை மிதிக்க அவளுக்கு மனம் வரவில்லை. சுற்றிக்கொண்டே நடந்தாள்.

ஒதிலியாவைக் கூட்டி வந்தாள். அவள் சக்கரம் சக்கரமாகக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தாள். ஒரு குமிழி வரவில்லை.

"ஓட்டை இல்லம்மா. சத்தியமா இல்ல. மூடிகூட இறுக்கித்தான் இருக்கு. யாரோ திறந்து விட்டுட்டு, மறுபடி மூடிட்டுப் போறாங்க."

"இங்க யாரு இருக்கா?"

ஒதிலியா வெற்றுச் சதுரங்களைப் பார்த்தாள். மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஏப்ரல் பொறந்தப்பறம் நான் இந்தப் பக்கம் வர்றதில்ல. போகாம நின்னுட்டவங்க கத நிறைய இருக்கு, சொல்லமாட்டேன். ஆனா இது யார்னு தெரியாம மலைச் சாலைல ஏறாதீங்க. ஃபிளாக்ஸ்டாஃப் ஊருக்குப் போற ஏத்தத்துல, இந்த வெயில்ல, குறைஞ்ச காத்தோட ஒரு டயர் போனா உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. முன்னாடி உக்காந்து ஓட்டிக்கிட்டே இருப்பீங்க. பின்னாடி வீடு கவிழும்போதுதான் திரும்பிப் பாப்பீங்க."

அவள் போன பிறகு ஆர்லிஸ் படியில் உட்கார்ந்தாள். காலையில் நிரப்பிக்கொண்டு உடனே ஓடிவிடலாம். ஆனால் போகிற வழியெல்லாம் தங்க வேண்டும், நிறுத்த வேண்டும். எது இதைச் செய்கிறதோ அது கூடவே வந்தால்? மே நெருங்கிக்கொண்டிருந்தது. காரின் தினமும் அழைத்தாள். மெர்ல் நேற்று அடுப்பைத் திறந்து விட்டுவிட்டு மறந்திருந்தார். இனி அவரை அவளால் ஒருத்தியாகப் பார்த்துக்கொள்ள முடியாது. பார்த்துக்கொள்ள முடியும் என்று நம்பியதுதான் இந்தக் குளிர்காலத்தையே தின்றது.

மறுநாள் மத்தியானம் உள்ளே ரேடியோவைப் போட்டாள். பாத்திரத்தைக் கொஞ்சம் உருட்டினாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்து அவசர ஜன்னல் வழியாகத் திணறித் திணறி இறங்கினாள். அந்த வயதில் அது சின்ன காரியமில்லை. வெயில் பக்கமாகத் தரையில் படுத்தாள். மண் கொதித்தது. கன்னத்தை மண்ணில் வைத்து அடியில் பார்த்தாள்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. அச்சும் சக்கரங்களும், அந்தப் பக்கம் நாற்காலிக் கால்களும், மெர்லின் பூட்ஸும். ரேடியோவில் யாரோ தானிய விலை சொல்லிக்கொண்டிருந்தான்.

பூட்ஸ் எழுந்தது. அது தள்ளாடவில்லை, நேராக நடந்து வந்தது. ஒரு முழங்கால் இறங்கியது, பிறகு மற்றது. உள்ளங்கை விரிந்து புழுதியில் ஊன்றியது. சட்டைப் பொத்தான் போடத் தெரியாத விரல்கள் வால்வு மூடியைச் சுழற்றி எடுத்து, தொலையாமல் உதடுகளுக்கிடையே வைத்துக்கொண்டன. சாவி நுனியால் ஊசியை அழுத்தின. அந்தப் பெருமூச்சு, இப்போது அவள் முகத்துக்கு நேரே, ரப்பர் வாசனையோடு வந்தது.

அவர் அளந்துதான் விட்டார். காதைக் கொடுத்துக் கேட்டு, போதும் என்கிற இடத்தில் நிறுத்தி, மூடியைத் திருகினார். அடுத்த சக்கரத்துக்கு நகரும்போது அவளைப் பார்த்துவிட்டார்.

சக்கர அச்சுக்கு அந்தப் பக்கம் அந்தக் கண்கள். இரண்டு வருடமாக அவள் பார்த்திராத கண்கள். திருடன் இருந்திருந்தால், பேய் இருந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

"நீதானா, ஆர்லிஸ்" என்றார். "உன்னப் பாத்து எவ்வளவு நாளாச்சு."

"மெர்ல்? சூட்டுல கை வைக்காதேன்னு நீதானே சொன்னே!"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"அப்புறம் ஏன்?"

"எந்த ஊர்ல எனக்கு இடம் பிடிச்சிருக்கீங்க?"

"காரினைப் பாக்கத்தான்..." என்று ஆரம்பித்தாள். புழுதி உதட்டில் ஒட்டியிருந்தது.

"பொய் சொல்லாதே. ஃபோன்ல பேசறது பந்தலுக்குக் கேக்கும். அவனுக்குக் கேட்டாப் புரியாது. எனக்குப் புரியும். நான் மத்தியானம் கொஞ்ச நேரம் வரேன், ஆர்லிஸ். அவன் தூங்கிடறான், நான் வரேன். தொப்பிக்குள்ள கண்ணத் திறந்தா எல்லாம் இருக்கு. நீ, காரின், இந்த வண்டி. எந்திரிச்சு உன்கிட்ட வர்றதுக்குள்ள போயிடுமோன்னு பயம். பக்கத்துல இருக்கறது சக்கரம்தான். அதுவரைக்கும் வர முடியுது."

"வண்டியைக் கவுத்துடலாம்னு நினைச்சியா? ரெண்டு பேரும் செத்திருப்போமே!"

"காத்து பாக்காம நீ கிளம்ப மாட்டே. உன்ன எனக்குத் தெரியாதா? ஒரு நாள் தள்ளிப் போகும். மறுநாள் ஒரு தடவை வரலாம்." அவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். "போகக் கூடாதுன்னு இல்ல. என்னக் கேக்காம கூட்டிட்டுப் போறீங்க. நீ காலைல கிளம்புவே, அவன் சந்தோஷமா ஏறி உக்காந்துடுவான், அவன் எங்க கூப்பிட்டாலும் வருவான். மத்தியானம் நான் கண்ணத் திறக்கும்போது தெரியாத ரூம்ல இருப்பேன். யாராவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ஆர்லிஸ் அழுதாள். சத்தம் போட்டே அழுதாள், மறைக்க அங்கே யாரும் இல்லை. அச்சுக்குக் கீழே கையை நீட்டினாள். எட்டவில்லை. இன்னும் உள்ளே நகர்ந்தாள். விரல் நுனிகள் தொட்டன.

"கேக்கறேன் மெர்ல். என்னால முடியல. முந்தாநேத்து அடுப்பத் திறந்து விட்டுட்டே. காரின் வீட்டுக்குப் பக்கத்துலேயே ஒரு இடம் இருக்கு. நானும் அந்தத் தெருவுலயே இருப்பேன். தினம் வருவேன். வரியா?"

பதில் சொல்வதற்குள் அவர் போய்விடுவாரோ என்று அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"மத்தியானம் வா" என்றார். "காலைல வந்தா நான் இருக்க மாட்டேன்."

"மத்தியானமே வரேன்."

"சரி. போலாம்." அவர் விரலை விடுவித்துக்கொண்டு, சக்கரத்தைத் தட்டினார். "இப்ப காத்து அடிச்சுடாதே. விடியட்டும். அவன்கிட்ட மெஷினக் குடுத்துடாதே, அவனுக்குத் தெரியாது. நீயே பாரு. ஏத்தத்துல மெதுவாப் போ. நிறுத்தற இடத்துல எல்லாம் இறங்கி, டயர்ல கைய வச்சுப் பாரு. நாலும் ஒரே சூடா இருந்தா பயமில்ல. ஒண்ணு மட்டும் கொதிச்சா அங்கேயே நில்லு. கல்லெல்லாம் இறக்கிடு. கனம்."

"அதெல்லாம் உன் கல்லு."

"எனக்குத் தெரியும் எது யார் கல்லுன்னு" என்றார், பழைய எரிச்சலோடு. அந்த எரிச்சலைக் கேட்டதும் அவள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். பிறகு பூட்ஸ் எழுந்து, நாற்காலிக்குப் போயிற்று. அவள் சுற்றிக்கொண்டு ஓடி வருவதற்குள் தொப்பி முகத்தில் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். உள்ளே இருந்தவர் அவளைப் பார்த்து மரியாதையாகப் புன்னகை செய்தார்.

சாயங்காலம் கற்களை ஓடைக்குச் சுமந்து போய்க் கொட்டினாள். அவரும் கூடவே வந்து, இது அழகாயிருக்கே, இது அழகாயிருக்கே என்று திரும்பத் திரும்பப் பொறுக்கி எடுத்தார். விடிந்ததும் காற்று நிரப்பினாள். நட்டுகளை இறுக்கினாள். ஒருத்தருமில்லாத பாலைவனத்தில் ஹாரனை நீளமாக அடித்துவிட்டுக் கிளம்பினாள். மெர்ல் கைதட்டினார்.

ஏற்றத்தின் முதல் தங்கல் இடத்துக்கு வந்தபோது மத்தியானம். கிழக்கே பைன் மரங்கள் தொடங்கியிருந்தன. ஆர்லிஸ் இறங்கி நாலு டயரிலும் கையை வைத்தாள். நாலும் ஒரே சூடு. நிம்மதியோடு மெர்லை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, தொப்பியை அவர் முகத்தில் கவிழ்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

லாரிகள் வந்து நின்று போயின. நிழல் பெஞ்சைத் தாண்டி நகர்ந்தது. அவள் தொப்பியை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். தாழ்த்தினாள். சற்றுக் கழித்து மறுபடி தூக்கிப் பார்த்தாள்.

"யாரையாவது தேடறீங்களா, மிஸ்?" என்று கேட்டார் மெர்ல்.

"ஆமா. ஒருத்தர் வர்றதாச் சொன்னார்."

"இந்த இடம் அவருக்குத் தெரியுமா?"

ஆர்லிஸ் தாங்கள் வந்த சாலையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். பிறகு வருகிறவர் உட்காரட்டும் என்று பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து, தங்கள் இருவருக்கும் நடுவில் இடம் விட்டார்.